ஏரிக்கரையில் நான் சந்தோஷப்படவில்லை

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மைத்துனர் முருகவேல் அவர்களுக்கு, அக்காள் புருஷன் ஆதிமூலம் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் தவிர. அங்கே நீங்களும் சரோஜாவும் பிள்ளைகளும், போட்டிருக்கும் மல்லாட்டைப் பயிரும் நலமாயிருக்க அண்ணாமலையார் துணை.

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். "அக்கா போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள மாமாவுக்கு ஐரோப்பா கேக்குதா"னு நீங்கள் ஊரெல்லாம் கேட்டது என் காதுக்கும் வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் அது உங்கள் அக்காள் ரேணுகாம்பாள் ஆசைப்பட்ட பயணம். காலண்டரிலிருந்து கிழித்து, அரிசி டப்பாவுக்கு மேலே அவள் ஒட்டிய ஏரிப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து, தனக்கு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் மகள் அருணாதேவி, "அம்மாதான் வரல, நீயாவது வாப்பா"னு போனில் அழுதாள். போனேன். ஆனால் அங்கே ஒரு நிமிஷம்கூட நான் சந்தோஷப்படவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் தங்கினோம், பேர் வாயில் நுழையாது. முதல் நாள் படகு. முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்த பழக்கம், எல்லாரும் ஏறினதும் படியோரம் நின்று "ரைட்"டென்று கத்திவிட்டேன். வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகன் பிரகாஷ் என்னைத் தெரியாதவர் போல ஏரியைப் பார்த்தார். மூன்றாம் நாள் பௌர்ணமி. வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை. உங்கள் அக்காள் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றினவள், நான் ஒரு தடவையும் கூடப் போனதில்லை. ஸ்பெஷல் பஸ் டூட்டி என்பேன், ரிட்டயர் ஆன பிறகு முழங்கால் என்பேன். துக்க வருஷத்தில் கிரிவலம் கூடாது என்று நீங்கள் சொன்னது நம்ம மலைக்கு. அந்த மலையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே விடிந்ததும் செருப்பைக் கழற்றி வைத்து, திருநீறு பூசி, வேட்டிக்கு மேலே அவளுடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மலையை வலப்பக்கம் விட்டுக் கிளம்பினேன்.

நம்ம மலை தனியா நிக்குது, பதினாலு கிலோமீட்டர்ல சுத்தி வந்துடலாம். அந்த மலை முடியவே இல்லைங்க. ஒண்ணோட தோளைப் பிடிச்சிக்கிட்டு இன்னொண்ணு, அது பின்னால இன்னொண்ணு, எங்க திரும்பறது. நம்ம பாதையில் அடி அண்ணாமலை கோயில் வர வேண்டிய இடத்தில் ஒரு மாட்டுப் பண்ணை வந்தது. அங்கிருந்த அம்மாள் என் வெறுங்காலைப் பார்த்தாள், பொம்பளை ஸ்வெட்டரைப் பார்த்தாள், உள்ளே போய்த் தன் புருஷனின் ரப்பர் பூட்ஸும் ஒரு ரொட்டியும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கும்பிட்டேன். இன்னொரு ரொட்டி கொடுத்தாள். மத்தியானம் போலீஸ் ஜீப்பில் வீடு வந்தேன். "யாரைக் கேட்டுப்பா மலையைச் சுத்தின?"னு அருணா அழுதாள். "உங்கம்மாவை"ன்னேன்.

இப்படியாக நான் பட்டது முழுக்கக் கஷ்டம். கோபத்தை விட்டுவிட்டு ஆவணி ஏழாம் தேதி தலைத்திவசத்துக்கு வாங்க. பொறந்த வீட்டு ஆள் ஒருத்தரும் இல்லாம அவளுக்கு எப்படி இலை போடறது. பூட்ஸ் உங்க அளவுதான், கழனிக்கு ஆகும், எடுத்துவைத்திருக்கிறேன். சரோஜாவைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிமூலம்

பி.கு.: மச்சான், சந்தோஷப்படலன்னு எழுதினது பொய். அந்த பூட்ஸை மாட்டிக்கிட்டு, ரொட்டியைக் கடிச்சிக்கிட்டு நிமிர்ந்தா, எதிர்ல அந்தக் காலண்டர் ஏரி. அதே தண்ணி, அதே ஓட்டு வீடுங்க. என் கோலத்தை நெனச்சி சிரிப்பு வந்துடுச்சி, அவ போனதுக்கப்புறம் மொத தடவை. "ஏ ரேணு, இங்க பாரேன்"னு திரும்பிட்டேன். யாரும் இல்ல. நீ கேட்டதுல தப்பே இல்லடா. நேர்ல வந்து திட்டு. வருஷம் ஆவப்போவுது, என்னைத் திட்ட வீட்ல ஆளே இல்ல.