திருவொற்றியூரை நான் காலி செய்த காலை

புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு காய்ச்சல் அடிக்கும். பாடத்தை அப்படியே உயிரோடு பிள்ளைகளின் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்கிற காய்ச்சல். சம்பளம் வாங்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் தானாகவே இறங்கிவிடும். அறிவியல் வாத்தியாருக்கு அடித்தால் சோதனைக்கூடத்தில் ஒரு குடுவை உடையும். தமிழ் வாத்தியாருக்கு அடித்தால் ஆண்டு விழாவில் நாலு பையன்கள் ஒட்டுமீசையோடு வசனம் மறந்து நிற்பார்கள். எனக்கு அடித்தபோது திருவொற்றியூரில் பாதி ஜனம் வீட்டை விட்டு ஓடியது.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம்தான். ஆனால் நடை, மிடுக்கு, சட்டைப் பையில் இரண்டு பேனா எல்லாம் நிரந்தரம். பிறந்து வளர்ந்தது வண்ணாரப்பேட்டை என்பதால் வட சென்னையில் எனக்குத் தெரியாத சமாச்சாரமே கிடையாது என்று வேறு நினைப்பு. (எனக்கு உண்மையில் தெரிந்தது, எந்தக் கடையில் ரவிக்கைத் துணி மலிவு என்பது மட்டும்தான்.)

அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்தான் என் கல்யாணத்துக்கும் குறுக்கே நின்றது. பள்ளிக்குப் பின்தெருவில் இருந்த கலைவாணியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருப்பதாக அவள் சித்தி மூலம் சேதி வந்தது. அவள் அப்பா ஏகாம்பரத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பிடித்தது என்றும் சொல்ல முடியாது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. "பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வர்ட்டும் மாப்ளே, அப்பால தட்டு மாத்திக்கலாம்" என்று மழை விட்டதும் கிளம்பலாம் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன் ஒருவனையும் கையில் வைத்திருந்தார். அவனுக்கு வேலை நிரந்தரம். அவனை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அறவே பிடிக்காது.

இந்த நிலையில்தான் மாவட்டக் கல்வி அலுவலர், அதாவது டி.இ.ஓ, பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க கிளாஸ்லதான் வந்து உக்காரப்போறாரு. அவர் என்ன எழுதறாரோ அதை வெச்சுதான் உங்க ஆர்டர். என்ன பாடம்?"

"இரண்டாம் உலகப் போர் மேடம். சமுதாயத்தில் அதனால் ஏற்பட்ட விளைவுகள்."

"நல்ல பாடம். பசங்க சத்தமா பதில் சொல்லணும்."

"சத்தம் நிறையவே வரும் மேடம்" என்றேன். அவருக்கு அதில் பரம திருப்தி.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் மகேஸ்வரி. மீனவக் குப்பத்திலிருந்து வருகிற பெண், வகுப்புத் தலைவி. (வாயைத் திறந்தால் தலைமையாசிரியையே ஒரு அடி பின்னால் நகர்வார்.) போரின் விளைவுகளைக் கரும்பலகையில் ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் எழுந்து நின்றாள்.

"சார், அவனுங்க எங்கியோ சண்ட போட்டுகினா நம்பளுக்கு இன்னா சார்?"

"அப்படி இல்லம்மா. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு சொல்லி நம்ம மெட்ராஸே காலியாச்சு. வீட்டைப் பூட்டிட்டு ஜனங்க வெளியூருக்கு ஓடினாங்க."

"குண்டு வுயுந்துச்சா?"

"பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு சார் ஓடுனாங்க?"

"பயத்துலதான்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "நம்ம ஏரியா ஆளுங்களா கீறமாட்டாங்க" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று பட்டது. ஒரு ஊரே பயந்து ஓடியது இவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறதே, இதை உணர வைக்காமல் நான் என்ன வாத்தியார்? காய்ச்சல் உச்சிக்கு ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு காயலான் கடையில் நின்றேன். கப்பல் உடைத்த சாமான்களெல்லாம் குவிந்து கிடக்கிற கடை. அங்கே துருவேறிய சங்கு ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஊதும், கப்பலில் ஆபத்துக்கு ஊதுவது. நான் ஒரு நாள் வாடகைக்குக் கேட்டதும் கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்துகினு போ நைனா. ஆனா பாத்து சுத்து. வேகமா சுத்துனா எண்ணூர்ல தூங்கினுகீறவன் எய்ந்து குந்திக்குவான்."

வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டம் எளிமையானது. டி.இ.ஓ வந்து உட்கார்ந்ததும் நான் விமானத் தாக்குதலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். சரியாக அந்த நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து சங்கு ஏறி இறங்கி அலறும். அந்தக் காலத்தில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை அப்படித்தான் ஊதுமாம். நான் பாய்ந்து மேசைக்கடியில் பதுங்குவேன். பிள்ளைகளும் பெஞ்சுக்கடியில் பதுங்குவார்கள். பிறகு ஒரே சீராக நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். எல்லோரும் எழுந்து முகமெல்லாம் வெளிறிப்போய் உட்கார, நான் விளைவுகளுக்குள் நுழைவேன். உணர்ச்சி அசலாக இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. சங்கு சுற்ற உடற்பயிற்சி ஆசிரியரைப் பிடித்தேன். நாமக்கல்காரர். திருவொற்றியூருக்கு என்னைவிடப் புதியவர். புஜத்தைத் தட்டிக் காட்டி, "நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் சுத்துவேன் சார்" என்றார்.

எனக்குத் தெரியாத ஒரே ஒரு சமாச்சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருக்கிற அந்தப் பகுதி ஜனங்களுக்குச் சங்கு இரண்டு வகை. ஒரே சீராக ஊதினால் ஷிஃப்ட் மாறுகிறது, உலை வைக்கலாம். ஏறி இறங்கி ஊதினால் எங்கேயோ விஷவாயு கசிகிறது, அடுப்பை அணைத்துவிட்டு ஓடு. தொழிற்சாலைக்காரர்களே வந்து தெருத்தெருவாக ஒத்திகை நடத்திக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். வண்ணாரப்பேட்டைக்கு அந்த ஒத்திகை வந்ததில்லை.

டி.இ.ஓ வந்தார். வெள்ளைச் சட்டையும் முன் வழுக்கையுமாகச் சாந்தமான மனிதர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "அன்று சென்னை நகரத்து மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்" என்று நான் கையை உயர்த்திய மாத்திரத்தில் மேலே சங்கு அலறியது. பாய் சொன்னது வியாபாரப் பேச்சே இல்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் மேசைக்கடியில் பாய்ந்து, தலையில் கையை வைத்து, நடிப்பில் குறை இருக்கக்கூடாது என்று கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. ஆஹா, பதுங்குகிறார்கள் என்று பூரித்துப்போனேன். பிறகு நிசப்தம். எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு கட்டுப்பாடு! ஆர்டர் என் பைக்குள் விழுகிற சத்தம் கேட்டது போலவே இருந்தது. மேலே சங்கு மட்டும் விடாமல் அழுதுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் மகேஸ்வரி. ஈரத் தாவணியால் மூக்கைக் கட்டியிருந்தாள்.

"இன்னா சார் இங்க குந்திகினுகீற? கேஸு கீயதான் சார் எறங்கும்! வா சார்!"

"எந்த கேஸ்மா? எல்லாரும் எங்கே?"

"அல்லாரும் போயாச்சு சார். நீ ஒர்த்தன்தான் பாக்கி."

வகுப்பில் ஒரு ஈ, காக்கை இல்லை. டி.இ.ஓவும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருடைய கைக்குட்டையை யாரோ பானைத் தண்ணீரில் முக்கி அவர் முகத்தில் அப்பியிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மைதானத்தில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். "பேசாத சார், மூச்ச அட்க்கு! காத்து மேக்கேர்ந்து வர்து, தெக்கால ஓடு!" என்று ஒருவன் கத்தினான். மதிலுக்கு வெளியே தெருவே ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் என் சங்கு செய்த வேலை என்று அப்போதுதான் உறைத்தது. மாடிக்கு ஓடினேன். உடற்பயிற்சி ஆசிரியர் வியர்வையில் குளித்து, முகம் நிறையச் சந்தோஷத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சார் ஜனங்களை? தெரு வரைக்கும் நடிக்குது!"

"நிறுத்துங்க சார்! ஆபத்து இல்லைன்னு ஊதுங்க! ஒரே சீரா!"

அவர் பாவம், ஒரே சீராகத்தான் ஊதப் பார்த்தார். ஆனால் அத்தனை நேரம் சுற்றிய கை ஓய்ந்துபோயிருந்தது. சத்தம் இறங்கியது. வெட்கப்பட்டு வேகமாகச் சுற்றினார், ஏறியது. மறுபடி இறங்கியது. நின்று யோசித்துக்கொண்டிருந்த மிச்ச ஜனமும் அப்போதுதான் முடிவுக்கு வந்து ஓட ஆரம்பித்தது.

நானும் ஓடினேன். டி.எச். ரோட்டில் கால் வைக்க இடமில்லை. மூன்று சக்கர வண்டியில் ஒரு தாத்தா, அவர் மடியில் இட்லிக் குண்டான். பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், அவருக்குப் பின்னால் கத்தியோடு கடைக்காரர். மீன்காரம்மா ஒருவர் கூடையை விடாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டே நடந்தார். ஒத்திகையில் வந்து சேரச் சொல்லியிருந்த பாலத்தடியில் எல்லோரும் நின்றார்கள். அங்கேதான் அவரைப் பார்த்தேன். என் வருங்கால மாமனார் ஏகாம்பரம், லுங்கியை மடித்துக் கட்டி, வெற்று மார்போடு, புத்தம்புதுக் கலர் டிவியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். ரிமோட் இடுப்பில் செருகியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர், அப்படியே எழுந்து ஓடிவந்திருக்கிறார்.

"மாப்ளே! நீயும் வந்துட்டியா? கலைவாணி டைப்ரைட்டிங் கிளாஸுக்கு மாதவரம் போய்க்கீது, நல்ல வேள."

"அத்தை எங்க மாமா?"

அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். அதற்குள் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியின் ஜீப்பும் அதன் பின்னால் போலீசும் வந்துவிட்டன. "எங்கேயும் லீக் இல்ல! யாரு சங்கு ஊதினது?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பையன் தூக்குவது போல, தோள் உயரத்துக்கு மட்டும். "பாடம் நடத்துறதுக்காக சார். உலகப் போர்" என்றேன். எத்தனை வகையான வசவுகள் மெட்ராஸ் பாஷையில் உண்டு என்பதை அன்றுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். மீன்காரம்மா சொன்ன ஒன்றை இன்றுவரை யாரிடமும் அர்த்தம் கேட்கத் துணியவில்லை.

டி.இ.ஓ நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து, ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்தது. என் வேலை போயிற்று, கலைவாணி போயிற்று, கிரேன்காரன் மாலையோடு நிற்கிறான். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மகேஸ்வரியைப் பார்த்தார்.

"ஏம்மா, போர் வந்தா சமுதாயத்துல என்ன விளைவு ஏற்படும்?"

பழக்க தோஷத்தில்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவள் தாவணியைப் பிழிந்துகொண்டே சுற்றிலும் பார்த்தாள்.

"உலைல வெச்ச சோறு வீணாப் பூடும் சார். நட்க்க முடியாதவங்கள வண்டில போட்டுகினு வர்ணும். வண்டி இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்கன்னு தெர்ல. பொய்யின்னு தெரியறதுக்குள்ள உசுரு பூடும் போல ஆய்டும். அப்புறம் சார்," என்று ஏகாம்பரத்தை நோக்கிக் கையை நீட்டினாள், "அதோ கீறார் பாரு, அவரு மாரி டிவியைத் தூக்கினு வந்துட்டு பொண்டாட்டிய வூட்லயே வுட்டுடுவாங்க."

ஜனம் மொத்தமும் திரும்பியது. சரியாக அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் வருங்கால மாமியார். குளித்துக்கொண்டிருந்தவர் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். காதோரம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. கணவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு முன்னால் சங்கு எவ்வளவோ மேல்.

டி.இ.ஓ சிரிக்க ஆரம்பித்தார். மகேஸ்வரியின் தலையில் தட்டிக்கொடுத்தார். என்னிடம், "பிள்ளைங்களுக்குப் பாடம் புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் ஊர் புரியல" என்றார். காவல் நிலையத்தில் மன்னிப்புக் கடிதம், பள்ளியில் மெமோ, தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்களிடம் மன்னிப்பு எல்லாம் நடந்தது. ஆனால் அவர் என்னைப் பற்றி நல்லபடியாகவே எழுதினார். ஆர்டர் வந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். ஏகாம்பரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊர் சிரிக்க வெச்சவனுக்குப் பொண்ணு குட்க்க முடியாது" என்று சுவரிடம் சொன்னார்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தார். "நீ இன்னாய்யா சொல்றது? அல்லா புள்ளைங்களும் வெளிய போனப்பறம் கடைசியா வந்தது இந்தத் தம்பிதானாம், அந்தப் பொண்ணு மகேஸ்வரி சொல்லிச்சு. ஆபத்துன்னா வுட்டுட்டு ஓடாத ஆளு. எம் பொண்ணு இவருக்குத்தான். நீ போய் டிவி பாரு."

நான் வாயே திறக்கவில்லை. மேசைக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் கடைசி ஆளானேன் என்பதைக் கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துக் கலைவாணியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ஆனாலும் இன்றுவரை தன் அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மாமனார் மெல்ல மெல்ல என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணம், கோயில், கடற்கரை என்று எங்கே கிளம்பினாலும் கதவைப் பூட்டியதும் என் மகள் வாசலில் நின்று சோதனை போடுவாள். சாவி எடுத்தாச்சா, கேஸை மூடியாச்சா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் தாத்தாவிடம் திரும்புவாள்.

"தாத்தா, பாட்டிய எடுத்துக்கினியா?"

அவர் மாமியாரின் கையைப் பிடித்து, பஸ்ஸில் பாஸைக் காட்டுவது போல உயர்த்திக் காட்டுவார். மாமியார் மறு கையால் கொண்டையைச் சரிசெய்துகொண்டே சொல்வார்: "இந்த வாட்டி எட்துகினாரு."