அமாவாசைக்கு எடுத்த டிக்கெட்

மலிவாக வெளிநாடு போய்வரத் தாங்களே திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு திமிர் வரும். டூர் கம்பெனியில் பணம் கட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பாவமாக இருக்கும். எனக்கு அந்தத் திமிர் உச்சந்தலைவரை ஏறியிருந்த காலத்தில் நடந்தது இது.

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு கரையான்சாவடி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்பது என் பைத்தியம். (மீன் வாங்க வருகிறவர்கள் என்னை அரசாங்க ஆள் என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். நானும் பதிலுக்கு வைப்பேன்.) ஏரியில் உள்ளதையெல்லாம் பார்த்து முடித்ததும் ஆசை கடல் தாண்டியது. இலங்கை மழைக்காட்டில் புளூ மேக்பை என்று ஒரு பறவை இருக்கிறது. உடம்பு நீலம், தலை செங்கல் நிறம், மூக்கும் காலும் சிவப்பு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைப் பார்க்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கணவர் குமாருக்குத் தெரிந்த பறவை காக்கா ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருக்குக் குருவி. ஆனாலும், "நீ தனியா போறேன்னா பேஜாரா கீதும்மா, நானும் வர்றேன்" என்றார்.

மாதக்கணக்கில் திட்டம் போட்டேன். எந்தத் தேதியில் விமான டிக்கெட் அடிமாட்டு விலைக்கு இறங்குகிறது, கொழும்பில் எந்தப் பஸ் ஏறி எங்கே மாறுவது, காட்டோரத்தில் எந்த வீட்டில் அறை வாடகைக்குக் கிடைக்கும், எல்லாம் விரல்நுனியில். காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கு ஒரே ஒரு காலைக்குத்தான் பட்ஜெட் இடம் கொடுத்தது. பறவையிடமே நேரம் கேட்டு வாங்கிவிட்டவள் போல, ஒரு காலை தாராளம் என்று இருந்தேன். இவ்வளவையும் பார்த்தவள், சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை மட்டும் பார்க்கவில்லை.

காட்டோர வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலம் ஊரிலிருந்து நாத்தனார் லதா போன் செய்தாள். பேசிவிட்டு வந்த குமாரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னாம்மா, நாளைக்கு அமாவாசையாமே. அமாவாசைக்கா டிக்கெட் போட்ட?"

"இந்த வாரந்தாங்க விலை கம்மி" என்றேன்.

மாமனார் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சாப்பாட்டுப் பிரியர். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரு வாய்கூட விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். அப்பா பசியோடு போய்விட்டார் என்பது குமாருக்கு ஆறாத வருத்தம். அதனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் சமைத்த சோற்றை மொட்டைமாடியில் வைத்து, அப்பாவாக நினைத்துக் காக்காவைக் கூப்பிடுவார். அது எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். ஒரு அமாவாசைகூட விட்டதில்லை.

"சரி வுடு. நீ பாட்டுக்குக் காட்டுக்குப் போ. நான் இங்கியே சோறு வெச்சுக்கறேன். காக்கா இல்லாத ஊரு இன்னா ஊரு?" என்றார்.

அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். வெங்காயம், பூண்டு, கருவாடு எதுவும் போடாமல் பருப்பு வேண்டும் என்றதும் எங்களுக்கு உடம்பு சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டார்.

விடிந்ததும் நான் வழிகாட்டியோடு கிளம்பினேன். மழை. வழிகாட்டி காட்டிய இடத்திலெல்லாம் இலை தெரிந்தது. நான் எந்தப் பறவையையும் உருப்படியாகப் பார்க்கவில்லை, அட்டைகள்தான் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டன. மத்தியானத்துக்கு, கால் முழுக்க ரத்தமாகத் திரும்பி வந்தேன்.

குமார் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே வாழையிலையில் சோறு அப்படியே இருந்தது. கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"ஒரு காக்கா வர்லம்மா. வேற எதுவோ ஒண்ணுதான் வந்து வந்து சோத்துல வாய் வெக்கப் பாத்துச்சு. துண்ட வீசித் தொரத்தி வுட்டேன்."

"எதுங்க?"

"பேர்லாம் எனக்கு இன்னா தெரியும்? நீலமா, நீட்டு வாலு. வெத்தல போட்டா மாதிரி மூக்கு. பயமே இல்ல அதுக்கு. எங்கப்பா சோறு, நீ யார்றா துன்றதுக்குன்னு வுட்டேன் ஒரு வீசு!"

பைனாகுலரைக் கழற்றித் தரையில் போட்டேன்.

"ஐயோ, அதுக்குத்தாங்க கடல் தாண்டி வந்தேன்! அதையா துண்டால அடிச்சீங்க? காக்காவாம் காக்கா! அதுவும் காக்கா இனந்தாங்க!"

நான் போட்ட சத்தத்தில் வீட்டு அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். காட்டில் மிச்சமிருந்த பறவைகளும் அக்கரைக்குப் போயிருக்கும். ஆனால் குமாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான், நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"காக்கா இனமா? அப்போ... வந்தது அப்பாவா?" என்றார். "பசியோட வந்த மனுசன நானே அடிச்சித் தொரத்திட்டனா?"

காதோரம் நரைத்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாழாய்ப்போன டிக்கெட்டை எடுத்த என்னையே நாலு சாத்தவேண்டும் போலிருந்தது. "வருவாருங்க, இருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே நாங்கள் ஏறவேண்டிய, கொழும்புக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். (மறுநாள் வேன் பிடித்துப் போனதில் மாதக்கணக்காக மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மூச்சில் காலி.) ஏரிக்கரையில் இருமுகிறவர்களைக்கூட முறைக்கிற நான், அந்தக் கொல்லையில் நின்று "கா, கா" என்று கத்தினேன். வீட்டு அம்மாவும் பாவம் பார்த்துக் கூடச் சேர்ந்து கத்தினார். காக்கா வரவில்லை, நீலப் பறவையும் வரவில்லை.

பொழுது சாயும்போது அந்த வீட்டுக் கோழி ஒன்று குஞ்சுகளோடு வந்தது. குமாரைச் சுற்றிக்கொண்டு போய் நேராக இலையில் வாய் வைத்தது. நான் விரட்டக் கையை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துன்னட்டும்."

குஞ்சுகள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, அவருக்கென்று எடுத்து வைத்திருந்த, ஆறிப்போன பருப்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

இன்றுவரை நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் லதா அந்தக் கதையை எடுத்துவிடுவாள். "எங்கப்பா பட்டுச் சட்டை கணக்கா நீலமா உடுத்திக்கினு மருமவளப் பாக்க வந்தாரு. மருமவ ஊட்ல இல்ல, பறவை பாக்கப் பூட்டா!" சிரித்தே ஆகவேண்டும், சிரிப்பேன்.

போன அமாவாசைக்கு லதாவும் வந்திருந்தாள். எங்கள் மொட்டைமாடியில் காக்காவுக்கு முன்னால் எதிர்வீட்டுப் பூனை வந்துவிட்டது. நெய் விட்ட சோற்றை நிதானமாக நக்க ஆரம்பித்தது. லதா துடைப்பத்தை எடுக்க ஓடினாள்.

"வுடு லதா" என்றார் குமார். "ஆரு எப்படி வராங்கன்னு நமக்கு இன்னா தெரியும்?"

லதா துடைப்பத்தோடு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்க மாமனார் வந்துகிறாரு. இந்த வாட்டியாவது கூட இருந்து கவனிங்க."

நான் போய் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.