ஐம்பதிலேயே போன கார்

முன்னால் போன சின்ன வெள்ளைக் கார் ஐம்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. ஐம்பது என்று பலகை போட்ட தெருவில் ஐம்பதில் போவது குற்றமில்லைதான். ஆனால் வைகாசி மாதத்து அந்தக் காலையில், வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்த ஒரு மனிதனுக்கு முன்னால், திரிம்பாக்கிலிருந்து ஓல்டன் வரைக்கும் அப்படியே போவதைச் சிவநேசனால் பொறுக்க முடியவில்லை.

"ஓடு மோனை, ஓடு! இது என்ன பிரேத ஊர்வலமோ?"

முன் காரில் இருப்பது ஆணா பெண்ணா என்று அவருக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து அதன் கூரை மட்டும்தான் தெரிந்தது.

சிவநேசனின் வாகனம் அமெரிக்காவிலிருந்து இறக்கிய கறுப்புப் பிக்கப். முன்பக்கம் ஒரு மதிலைப் போல இருக்கும். மாரியில் வெள்ளம் பாயும் வன்னிப் பாதைக்கே அது கொஞ்சம் அதிகம். சுவிற்சர்லாந்தில் ஒரு பார்சல் கிடங்குக்கு வேலைக்குப் போய்வர நிச்சயமாக அதிகம். அவர் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ் கராஜுக்குள் அது நுழையாது என்பது வாங்கி வந்த அன்றுதான் தெரிந்தது. ஊர் எல்லையில் ஒரு கமக்காரரின் பண்ணை முற்றத்தில் வாடகைக்கு இடம் பிடித்து அங்கே நிறுத்தினார். காலையில் அந்த இடத்துக்கு நடந்து போகிற நேரத்தில் ரயிலில் வேலைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மனைவி கலாவதி சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் விளங்காது.

விளக்கியவன் டெக்ஸாஸில் இருந்த மச்சான். "இஞ்ச ரெண்டே ரெண்டு கூட்டம்தான் மச்சான். பெரிய வாகனக்காரன், சின்னக் கார்க்காரன். வோட்டுப் போடுறதிலயிருந்து சாப்பிடுற கடை வரைக்கும் வேற வேற. சிக்னலில பக்கத்தில பக்கத்தில நிண்டால் கண்ணாடியை இறக்கிப்போட்டு ஏசிக்கொள்ளுவினம்."

"நீ எந்தக் கூட்டம்?"

"கேக்கிறியே!"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒதுங்கி ஒதுங்கியே பழகியவர் சிவநேசன். நெடுஞ்சாலையில் பின்னால் லைட் அடித்தால் ஒதுங்குவார். வேலையிடத்தில் மேலாளர் வந்தால் ஒதுங்குவார். மாடிப்படியில் நாய் வந்தாலும் ஒதுங்குவார். பிக்கப்பில் ஏறி இருந்த முதல் நாளே உலகம் அவருக்காக ஒதுங்கத் தொடங்கியது. அந்த ருசி பொல்லாதது.

ஆகவே அந்தக் காலையில் அவர் வெள்ளைக் காரை நெருங்கினார். இன்னும் நெருங்கினார். பெரிய லைட்டைத் திரும்பத் திரும்ப அடித்தார். கோர்னை அமத்திப் பிடித்தார். வெள்ளைக் கார் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் ஐம்பதை விடவில்லை. கடைசியில் வெள்ளைக்கோட்டைத் தாண்டி முந்திப்போய், போகிற போக்கில் 'விசரோ' என்கிற மாதிரி விரலால் நெற்றியில் தட்டியும் காட்டினார்.

ஆத்திரத்தில் கவனிக்காததை அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் காரில் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான 'எல்' பலகை. கூரையில் ஒரு பெயர்ப்பலகை: கிஷோபன் சாரதிப் பள்ளி.

கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது இதை ஒரு வீரக்கதையாகத்தான் மகேந்திரனுக்குச் சொன்னார். மகேந்திரன் சுவிஸ் பிரஜையாகி நெடுநாளானவன், சட்டதிட்டம் தெரிந்தவன்.

"லைட் அடிச்சனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"கோர்ன்?"

"அதுவும்தான்."

"இடையில இடைவெளி எவ்வளவு?"

"இடைவெளி இருந்திருந்தால் நான் ஏன் கோர்ன் அடிக்கிறன்?"

மகேந்திரன் மெல்லுவதை நிறுத்தினான். "அண்ணை, இது இஞ்ச விளையாட்டில்லை. மற்றவரை வெருட்டிப் பணியவைக்கிற குற்றம். அவங்கள் பொலிசில சொன்னால் கோட்டுக்குப் போகும், லைசன்ஸ் போகும். உங்களுக்கு எப்ப பிரஜாவுரிமை இன்டர்வியூ?"

"வாற மாசம்."

மகேந்திரன் பாதிச் சாப்பாட்டோடு பெட்டியை மூடினான். சிவநேசனுக்கு அதைப் பார்க்கத்தான் கூடுதல் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே ஓல்டனில் கிஷோபனின் வீட்டு மணியை அடித்தார். கோயில் திருவிழாவில் கண்ட பழக்கம்தான். கதவைத் திறந்த கிஷோபன் முதலில் சிரித்தான். பிறகு சிவநேசனின் தோளுக்கு மேலால் தெருவில் நின்ற கறுப்பு வாகனத்தைக் கண்டான். முகத்தில் இருந்த இரத்தம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

"தம்பி, காலமை உங்கட ஸ்கூல் காருக்குப் பின்னால வந்தது நான்தான்."

கிஷோபன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "என்னைக் கண்டனீங்களோ?"

"ஒருத்தரையும் காணேல்லை. எனக்குக் கூரை மட்டும்தான் தெரிஞ்சது."

கிஷோபனுக்கு மூச்சு வந்தது. "நான் ஓட்டேல்லை அண்ணை. அது... என்ர மாணவி ஒராள்."

"நானும் நினைச்சனான். பழகிற ஆக்கள்தான் அவ்வளவு ஒழுங்கா ஓடுவினம். தம்பி, அவ பொலிசுக்குப் போவாவோ?"

"பொலிசோ!" கிஷோபன் துள்ளி விழுந்தான். "பொலிஸ் ஏன் அண்ணை இதுக்குள்ள? வேண்டவே வேண்டாம். நான் அவவோட கதைக்கிறன். நீங்கள் மட்டும் இதை ஒருத்தரிட்டயும் வாய் திறக்காதேங்கோ. என்ர மனுசியிட்டயும்தான்."

எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று சிவநேசனுக்குக் கண் கலங்கியது.

விஷயம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் பயந்த மனிதனுக்கு நல்ல பதில் ஒன்று போதாது. அதற்கு மேல் ஒரு காப்பும் வேண்டும். அடுத்த நாள் கலாவதி சுட்டு வைத்த பயத்தம் பணியாரத்தில் ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு போய், "அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ" என்றார். டப்பா வெறுமையாகத் திரும்பி வந்தது. மாணவிக்கு நன்றாகப் பிடித்ததாம். கோபம் போய்விட்டதா என்று கேட்டதற்குக் கிஷோபன், "அது... கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்" என்றான். பணியாரம் அவ்வளவு நன்றாக இருந்தது.

கொஞ்சம் இருக்கிற கோபத்துக்குச் சிவநேசன் ஒரு நீலப் பட்டுச்சீலை வாங்கினார். சீலை என்றதும் கிஷோபன் பதறிப்போய் வாங்க மறுத்துவிட்டான். சீலையையே மறுக்கிற பெண்ணுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கவேண்டும் என்று யோசித்தபடி, சிவநேசன் அதைப் பிக்கப்பின் பின் சீற்றுக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

கலாவதி குடையைத் தேடப் போய்ச் சீலையை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ! இது எனக்கே?"

"வேற ஆருக்கு?" என்றார் சிவநேசன். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்காமல் ஒரு கைலேஞ்சிகூட வாங்கித் தராத மனிதர். கலாவதி வெள்ளிக்கிழமை அதை உடுத்திக்கொண்டு திரிம்பாக் கோயிலுக்குப் போய் மூன்று சுற்றுச் சுற்றினாள். கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். மாணவிக்கு நீலம்தான் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்த சிவநேசன், அதற்குள் அதே கடையில் ஒரு சிவப்புச் சீலையும் வாங்கியிருந்தார். கடைக்காரப் பெண்மணியும் அன்று கோயிலுக்கு வந்திருந்தாள்.

"அண்ணை நேற்று எடுத்த சிவப்பை ஏன் அக்கா உடுத்தேல்லை?"

வீட்டுக்கு வந்ததும் கலாவதி கதவைச் சாத்தினாள்.

"ஆர் அவள்?"

"பேர் தெரியாது."

"பேர் தெரியாத பொம்பிளைக்கோ சீலை?"

"முகமும் தெரியாது, கலா."

"முகம் தெரியாமல் எப்பிடிப் பழக்கம்?"

"கார் ஓடப் பழகிறவ." அப்போதுதான் சிவநேசனுக்கு மூளையில் ஒரு மின்னல் அடித்தது. எழுந்து நின்றார். "இஞ்சேரும்! எனக்குத் தெரியாமல் பழகப் போறது நீர்தானே? அண்டைக்கு அந்தக் காருக்குள்ள இருந்ததும் நீர்தானே?"

"நானோ? அண்டைக்குக் காலமை நான் ரயிலில நிண்டுகொண்டு வேலைக்குப் போனனான். உங்கட வாகனத்தடிக்கு நடந்து வாற தெம்பு எனக்கு இல்லை. எண்டைக்கு? என்ன காருக்குள்ள? முதலிலயிருந்து சொல்லுங்கோ."

முதலிலிருந்து சொன்னார். கலாவதி கடைசிவரைக்கும் கேட்டாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சிவப்புச் சீலையையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

"அந்தப் பிள்ளையை வெருட்டினது நீங்களில்லை, உங்கட வாகனம். அதில ஏறினால் நீங்கள் வேற ஆள். அதைத் துலைச்சுப்போட்டு வாங்கோ. பிறகு இன்டர்வியூவுக்குப் போவம்."

சிவநேசன் மச்சானுக்கு ரெலிபோன் அடித்துக் கேட்டார். "மன்னிப்புக் கேட்டனியோ? போச்சு. பெரிய வாகனக்காரன் மன்னிப்புக் கேக்கிறேல்லை" என்று சொல்லி மச்சான் தொடர்பைத் துண்டித்துவிட்டான். கடல் கடந்தும் கூட்டம் இரண்டுதான்.

மறுபடியும் கிஷோபனிடம் போனார். "தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. நான் என்ன செய்தால் அவ ஆறுவா? வாகனத்தையே விடுறதெண்டாலும் விடுறன்."

கிஷோபன் யன்னலால் எட்டிப் பார்த்தான். கறுப்பு வாகனம் வெயிலில் மினுங்கியது. கெட்டவன் இல்லை கிஷோபன். ஆனால் கேட்காமலே வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஒன்றை எத்தனை தடவைதான் ஒரு மனிதன் வேண்டாம் என்பது?

"அவ சொன்னவதான்," என்றான் மெதுவாக. "அதை றோட்டில கண்டால் நெஞ்சு படபடக்குதெண்டு."

"அப்ப நீங்களே எடுங்கோ. உங்கட வெள்ளைக் காரைத் தாங்கோ. சரிக்குச் சரி."

"சரிக்குச் சரியோ?"

"மேல ஏதும் வேணுமெண்டால்..."

"இல்லை இல்லை, காணும்! மனுசியின்ர பேரில பதிவம் அண்ணை. வாகனத்தையும் நீங்களே ஓடிக்கொண்டு வந்து விட்டுடுங்கோ. எனக்கு இப்ப முதுகு ஏலாது."

இப்படியாகச் சிவநேசன் வெள்ளைக் காருக்கு இறங்கினார். அது நிலக்கீழ் கராஜுக்குள் நுழைந்தது மட்டுமில்லை, உள்ளே திரும்பியும் நின்றது. கூரையில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. மழை பெய்தால் ஒழுகும். தெருவில் எல்லோரும் பின்னால் முட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் ஐம்பதிலேயே போனார். ஒதுங்கினார். பழைய பழக்கம் கைவிடவில்லை.

இன்டர்வியூவுக்கு அந்தக் காரிலேயே போனார். ஊர்ச்சபைக் கட்டடத்தின் அறைக்குள் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஏரிகளைக் கேட்டார்கள், சொன்னார். மாநிலங்களைக் கேட்டார்கள், சொன்னார். பெண்மணி யன்னலுக்கு வெளியே பார்த்து, "அந்தச் சின்ன வெள்ளைக் கார் உங்களுடையதா?" என்று கேட்டார்.

"ஆம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்தியான பார்வை. பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இது கேள்வி அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய கறுப்பு அமெரிக்க வாகனம் ஓடித் திரிகிறது. போன மாதம் என்னையும் தெருவோரத்துக்குத் தள்ளியது. யாருடையது என்று தெரியுமா?"

சிவநேசன் ஒரு கணம் யோசித்தார். உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தார்.

"ஓல்டனில் கிஷோபன் என்பவருடைய வீட்டில் நிற்கிறது."

"அப்படிப்பட்டவர்கள் நம்முடைய ஊருக்குச் சரிவர மாட்டார்கள்," என்றார் தலைவர்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியவர் சிவநேசன்தான்.

பிரஜாவுரிமை கிடைக்கும் என்று தகவல் வந்த கிழமை, வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கலாவதியை ஏற்றிக்கொண்டு திரிம்பாக் கோயிலுக்குப் போனார். கலாவதி சிவப்புச் சீலை உடுத்தியிருந்தாள். திருப்பத்தில் பின்னால் ஒரு கறுப்பு மதில் வந்து ஒட்டியது. லைட் அடித்தது. கோர்னும் அடித்தது. சிவநேசன் ஒதுங்கினார். கோயில் வளவில் இரண்டு கார் நிற்கிற இடத்தில் அந்த ஒன்று நின்றது. ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து, பூத்தட்டோடு குதித்து இறங்கியவள் கிஷோபனின் மனைவி சரணியா.

"ஐயோ, நீங்களோ முன்னால வந்தது? குறை நினையாதேங்கோ அண்ணை, மேல இருக்கேக்க ஒண்டும் தெரியுதில்லை. அம்மாணை, இதில ஏறினாப் பிறகுதான் ஆக்கள் என்னை ஆளா மதிக்கினம்!"

சிவநேசன் பெருந்தன்மையோடு சிரித்தார். அவரிடம் இனி எந்தக் கோபமும் இல்லை, பாஸ்போட் வருகிறது. "பரவாயில்லை தங்கச்சி. தம்பி வரேல்லையோ? வாகனத்தை உங்களிட்டத் தந்துபோட்டு அவர் அந்த மாணவிக்குப் பழக்கப் போய்ட்டாரோ?"

சரணியா பூத்தட்டை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"மாணவியோ? எங்களிட்ட இப்ப ஆர் அண்ணை பழக வருகினம்? முன்னால போனவனை முட்டுற மாதிரி ஓடி லைட் அடிச்சாரெண்டு, நீங்கள் வாகனம் தர முதலே, மாசி மாசமே இவற்ற லைசன்சைப் பொலிஸ் பறிச்சுப்போட்டுது."