லீமா கொள்ளாது

பெண் பார்க்கப் போகிறவன் தன் தொழிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கொத்தனார் கரண்டியோடு போவதில்லை. பல் டாக்டர் குறடோடு போவதில்லை. உலகத்திலேயே நான் ஒருவன்தான் பென் டிரைவோடு போனேன்.

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு புதுக்கடையில் வீட்டுக்கு வந்தால் அறையைச் சாத்திக்கொண்டு என் சொந்தப் பைத்தியத்தில் இறங்கிவிடுவேன். அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் தானாக எழுந்து வந்துவிடுவதில்லை. அதற்கு முன்பே ஃபர்ம்வேர் என்று ஒன்று உள்ளே விழித்துக்கொண்டு, யாரை எழுப்பலாம் என்று தேடும். விண்டோஸை உறங்கவிட்டு நம் நிரலையே நேராக எழுப்பச் சொல்லலாம். ஆனால் அங்கே ஒரு வசதியும் கிடையாது. திரையில் ஒரு வரி எழுதக்கூட ஃபர்ம்வேரிடம் நீட்டி முழக்கிக் கேட்க வேண்டும். அந்தப் பாடெல்லாம் இல்லாமல், சி மொழி தெரிந்தவன் வழக்கம்போல எழுதினால் போதும் என்று ஆக்கித்தரும் நிரல் தொகுப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரித் தொகுப்புக்கு எங்கள் தொழிலில் லைப்ரரி என்று பெயர். மிகச் சின்ன லைப்ரரி. (இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான்.)

அம்மை தரகரிடம், "மவன் லைப்ரரி எழுதுதான்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தி மணவாளக்குறிச்சிக்குப் போய்ச் சேரும்போது, "மாப்பிள்ளைக்கு லைப்ரரியில் கவர்மெண்டு வேலை" என்று ஆகிவிட்டது.

பெண் பெயர் லீமா. அவளுடைய அப்பா சூசை மாமா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். மீனை ஒரு பார்வை பார்த்து 'கொள்ளாம்' என்றால் அது நல்ல மீன். 'கொள்ளாது' என்றால் யாரும் தொட மாட்டார்கள். அவர் மனைவி போன வருடம்தான் காலமாகியிருந்தார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. அதற்குக் கீழேதான் அம்மைக்கும் தரகருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள்.

"எந்த ஊரு லைப்ரரி தம்பி?" என்றார் மாமா.

"ஊரு இல்ல மாமா. அது சி லைப்ரரி."

"ஏ, பி ரெண்டையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சாக்கும்?"

தரகர் மேலே பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க மாமாவின் முகம் ஐஸ் போடாத மீனைப் பார்ப்பதுபோல ஆகிக்கொண்டே வந்தது. கடைசியில், "வாயால சொன்னா எனக்கு வெளங்காது. தெறந்து காட்டும், பாப்போம்" என்றார்.

இதற்காகத்தானே பிறந்தேன் என்று பென் டிரைவை எடுத்தேன். குவைத்தில் இருந்த லீமாவின் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த புது லேப்டாப் மேசையில் இருந்தது. தெரியாத நிரலை எழுப்பாதபடி அதற்குள் ஒரு காவல் உண்டு. மெனுவுக்குள் போய் அதை விலக்கினேன்.

"இப்ப பூட் ஆவும் மாமா."

"தெறக்கச் சொன்னா பூட்டுதீரே!"

என் நிரல் செய்வது இவ்வளவுதான்: லேப்டாப்பில் இருக்கும் ஒவ்வொன்றையும் சோதித்து, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சொல்லும். மற்றவர்கள் அங்கே 'ஓகே' என்று போடுவார்கள். நான் குமரி மாவட்டத்துக்காரன் அல்லவா, 'கொள்ளாம்', 'கொள்ளாது' என்று போட்டிருந்தேன். அந்த இடத்தில் தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் வரத் தொடங்கின. தரகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"மெமரி... KOLLAM. கொல்லம்! ஸ்கிரீன், கொல்லம். கிளாக், கொல்லம். ஓ, பையனுக்குக் கொல்லத்துலயாக்கும் லைப்ரரி!"

"கொல்லம் இல்ல, கொள்ளாம்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லும்." மாமா முகம் கொஞ்சம் தெளிந்தது. தரகர் அடுத்த வரிக்குப் போனார்.

"லீமா... கொள்ளாது."

தரகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம் மவளக் கொள்ளாதுண்ணு சொல்லுதது யாருலே?" மாமாவின் ஏலக் குரல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மை என் தொடையைக் கிள்ளினாள். நான் அவசரமாக எல்லா விசைகளையும் அமுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. (கீபோர்டைக் கவனிக்கும் பகுதியை அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.) பவர் பட்டனுக்குக் கை போனது. "அமுக்காதீரும்! நிக்கட்டும். எல்லாரும் வாசிக்கட்டும்" என்றார் மாமா.

அப்போதுதான் லீமா சாயாத் தட்டோடு வந்தாள். திரையை வாசித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த கேமரா கார்டை உருவினாள்.

"இதாக்கும் லீமா. கம்ப்யூட்டர்ல காட்டுத பேரா அண்ணன் எம் பேரு போட்டுத் தந்த கார்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இதுல என்னத்தச் செய்து பாத்திய?"

"சின்னதா ஒரு ஃபைல் எழுதிப் பாக்கும். எழுத முடியலண்ணா..."

"முடியாது. பூட்டு போட்டிருக்கு." கார்டின் ஓரத்தில் நகக்கண் அளவு இருந்த பூட்டைக் காட்டினாள். "அம்மைக்க கடசிப் படமெல்லாம் இதுலதான் கெடக்கு. யாரும் மேல எழுதிரப்பிடாதுண்ணு நாந்தான் பூட்டுனேன்."

மாமா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அந்தப் பூட்டு இல்லையென்றால் என் நிரல் ஒரு வார்த்தை கேட்காமல் அதில் எழுதியிருக்கும். வெட்கமாக இருந்தது. இவள் எனக்குக் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. அவளை அந்த நிமிடமே அவ்வளவு பிடித்துவிட்டது.

"கார்டு கொள்ளாம். எனக்க லைப்ரரிதான் கொள்ளாது" என்றேன்.

"அப்ப திருத்திட்டு வாங்க" என்றாள் லீமா. சாயாவை எடுத்து நீட்டினாள்.

"திருத்திட்டு வரட்டும். பெறவு பேசலாம்" என்றார் மாமா.

புதுக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மை, "பிடிக்கலண்ணா ஆளுவ வாயால சொல்லுவாவ மக்கா. மிசின வச்சுச் சொல்ல வச்சவன் நீ ஒருத்தனாக்கும்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. கேட்காமல் எதிலும் எழுதக் கூடாது. பூட்டியிருப்பதைக் கெட்டது என்று சொல்லக் கூடாது. இரண்டே விஷயம்தான், ஆனால் லைப்ரரியில் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி மணவாளக்குறிச்சிக்குப் போனோம். லீமாவே கார்டைச் செருகினாள், பூட்டைத் திறக்காமல். இந்த முறை மாமாவே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"லீமா... பூட்டு. தொடல்ல."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"கொள்ளாம்" என்றார்.

எதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. அம்மை அது என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு தேதி கேட்டுவிட்டாள்.

அந்த லைப்ரரி இப்போதும் இணையத்தில் இருக்கிறது. KOLLAM என்பது எந்தச் சொற்றொடரின் சுருக்கம் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். என் மாமனார் கொடுக்கும் சான்றிதழ் என்று பதில் போட்டேன். வீட்டில் மீன் குழம்புக்கும், பரீட்சை மார்க்குக்கும், என் புதுச் சட்டைக்கும் அதே தீர்ப்புகள்தான். லீமா கோபத்தில் பேசாமல் இருக்கும் நாளில் சமாதானம் பேச நான் அடுக்களைப் பக்கம் போனால், எங்கள் மகள் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, லீமா பூட்டு. தொடாதீங்க."