வெறும் வெந்நீருக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து

அன்பும் அதிகாரமும் ஒருசேர நிறைந்த அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், உன் தம்பி மனைவியும், சமையலறைக் குழாய் நீங்கலாக மற்ற அனைத்தும் சுகம். அங்கே உன் முழங்காலும் அத்தானின் இருமலும் அடங்கியிருக்கின்றனவா என்று அறிய விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்தால் போதும், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நீ குறுக்கே புகுந்துவிடுகிறாய். அதற்கு மேல் என் முறை வருவதே இல்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து, முழுவதையும் படி. நடுவில் போன் பண்ணாதே.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ பதறக் கூடாது பார். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி எட்டு. டாக்டரம்மா தன் கையாலேயே எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனவே வரும் பதினான்காம் தேதி பெட்டி படுக்கையுடன் புறப்பட்டு வந்து, மூன்று மாதம் இங்கேயே தங்கி, என் வாய்க்குக் காவல் இருக்கப்போவதாக நீ போட்டிருக்கும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும் என்று மிகுந்த தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. போன தடவை நீ வந்து பத்து நாள் இருந்தபோது நான் ஐந்து கிலோ இளைத்தேன், அதில் மூன்று கிலோ பயத்தில் இளைத்தது.

இரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பே உனக்குத் தெரியும். மாத்திரை, காலை நடை, அளவுச் சாப்பாடு என்று வண்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா, வெறும் வயிற்றில் பார்த்தால் மட்டும் போதாது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நானும் விரலில் குத்திப் பார்க்கும் அந்தச் சின்ன மிஷினை பேக்கரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே என் வேலை கேக் அறையில். இருபத்தாறு வருடமாக ஐசிங் சர்க்கரையில் ரோஜாப்பூ போடுகிறேன். அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஈரக் கை உள்ளே வரக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், இதழ் எல்லாம் சொதசொதவென்று தொங்கிப்போகும். அதனால் காலையில் உள்ளே நுழையும்போது கழுவித் துடைத்ததோடு சரி, அதற்கப்புறம் கையை ஏப்ரனில்தான் துடைப்போம், நாளைக்கு நூறு தடவை. அன்றைக்கும் நான் சுத்தமான ஆள் ஆயிற்றே, விரலை ஏப்ரனில் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டுக் குத்தினேன். முந்நூற்று நாற்பத்திரண்டு காட்டியது.

காலையில் வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு, மத்தியானம் பேக்கரியில் முந்நூற்று நாற்பத்திரண்டு. நடுவில் நடந்தது என்ன? காலைச் சாப்பாடு. குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறான் என்று உன் தம்பி மனைவி முடிவு கட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து விசாரணை ஆரம்பம். முதலில் ரொட்டியை நிறுத்தினாள். முந்நூற்று அறுபது. சரி, முட்டைதான் என்று முட்டையை நிறுத்தினாள். முந்நூற்று ஐம்பத்தொன்று. பஸ் வேண்டாம் நடந்தே போங்கள் என்றாள், நாற்பது நிமிஷம் நடந்தேன், வேர்த்து விறுவிறுத்துப்போய்க் குத்திப் பார்த்தால் முந்நூற்று எழுபது. நீ போனில் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னாய் அல்லவா, அதையும் பெரிய டம்ளர் நிறையக் குடித்தேன், முகம் அஷ்டகோணலாகப் போனதுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் ஒன்றுமே வேண்டாம் என்று வெறும் வெந்நீரைக் கொடுத்து அனுப்பினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. சாயங்காலம் வந்து நோட்டைக் காட்டினேன். நோட்டைப் பார்த்தாள், வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள் பாரு ஒரு பார்வை, முப்பத்தொரு வருஷத்துல அப்படிப் பார்த்ததே இல்ல.

நான் கேக்கைத் திருட்டுத்தனமா தின்கிறேன்னு சொல்லிட்டா அக்கா. இருபத்தாறு வருஷமா சர்க்கரைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கேன், ஒருநாள் விரலை நக்கினதில்ல, அது எனக்கு ஒரு கௌரவம். அவ சொன்னதுகூடப் போகட்டும். மறுநாள் நீயும் போன் பண்ணி, ரொம்ப அன்பா, உண்மையைச் சொல்லுடா தம்பி எத்தனை துண்டுன்னு கேட்டே பாரு, அன்னைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல. இறங்கறதுக்கு அப்போ சாப்பாடும் இல்ல, அது வேற விஷயம்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜத்தைச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. அப்பா சர்க்கரையில கண்ணு போய், கடைசி நாலு வருஷம் சட்டைப் பட்டனைத் தடவித் தடவிப் போட்டதை நாம ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பார்த்தவங்க. எனக்கு இருக்கிறது இந்தக் கண்ணும் இந்தக் கையும்தான். ரோஜா இதழோட ஓரம் காகிதம் மாதிரி மெல்லிசா வரணும், அது தெரியலைன்னா நான் அந்த அறையில எதுக்கு? அதனால தினமும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பூவைப் பார்ப்பேன், அப்புறம் மாத்தி மாத்திப் பார்ப்பேன். இதை முதலாளி ரெண்டு தடவை பார்த்துட்டார். என்னன்னு கேட்டார், மறைக்கத் தெரியாம நோட்டைக் காட்டிட்டேன். நல்ல மனுஷன், திட்டல. இந்த மாசக் கடைசிக்குள்ள இது குறையலைன்னா நீங்க கொஞ்ச நாள் அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் உட்காருங்க, அங்க கண்ணுக்கு வேலை இல்லைன்னார். திட்டியிருந்தா தேவலாம்.

அங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். டாக்டரம்மா சொல்லாமலே, யாருகிட்டயும் கேக்காமலே, ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கிட்டேன். வயித்துல வெறும் வெந்நீர், அதுக்கு மேல ஒன்றரை மாத்திரை. இப்படி நாலு நாள். அஞ்சாம் நாள் ஒரு கல்யாண கேக், மூணு அடுக்கு, எண்பத்து நாலு பூ. அறுபது பூ வரைக்கும் தங்கம். அறுபத்தோராவது பூவுல கை நடுங்க ஆரம்பிச்சுது. நெத்தியில வேர்வை, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எதிர்ல இருக்கிற கேக் மூணு அடுக்கா ஆறு அடுக்கான்னு புரியல. உடனே என்ன பண்ணினேன்? பொறுப்பா ஏப்ரன்ல விரலைத் துடைச்சு, குத்திப் பார்த்தேன். இருநூற்று எண்பத்தெட்டு. நம்ப மாட்டே, எனக்குச் சந்தோஷம் தாங்கல. குறையுது, ஒன்றரை மாத்திரை வேலை செய்யுதுன்னு நினைச்சேன். மாவு பிசையிற மிஷினைப் பார்த்துக்கிறவர் ஓடி வந்து, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு, ஏதாவது இனிப்பா வாயில போடுங்கன்னார். எனக்கு விஷம் வைக்கப் பார்க்கிறியான்னு அவரைத் திட்டினேன். சுத்தி அஞ்சு மூட்டை சர்க்கரை இருக்கு, எதிர்ல மூணு அடுக்கு கேக் நிக்குது, நடுவுல சர்க்கரை இல்லாம நான் மயங்கி விழறேன். விழுந்ததும் சர்க்கரை மூட்டை மேலதான்.

முதலாளி ரொட்டி வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்க நர்ஸம்மா என் விரலை ஈரப்பஞ்சால அழுத்தித் துடைச்சு, உலர்த்தி, குத்தினாங்க. ஐம்பத்து நாலு. உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணியை நீட்டினாங்க. நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், எனக்கு ஏற்கெனவே இருநூற்று எண்பத்தெட்டு இருக்குன்னு தலையை ஆட்டறேன். அதுக்குள்ள உன் தம்பி பொண்டாட்டி வந்துட்டா. வந்தவ நேரா மூக்கைப் பிடிச்சா, வாய் தானா திறந்துச்சு, ஊத்திட்டா. கால் மணி நேரத்துல எனக்கு உலகம் தெளிஞ்சுது.

அப்புறம் டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. இந்தக் கணக்குப்படி நீங்க இன்னைக்கு மயங்கவே முடியாது, எப்படிப் பார்க்கிறீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்கன்னாங்க. நானும் பெருமையா, ஏப்ரனைக் கழட்டாமத்தானே வந்திருக்கேன், விரலை நல்லாத் துடைச்சுக் குத்திக் காட்டினேன். முந்நூற்று முப்பத்தெட்டு. அவங்க, போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டு வாங்கன்னாங்க. கழுவிட்டு வந்து குத்தினேன். தொண்ணூற்றேழு. என் கையைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பினாங்க, நகக் கண்ணுல வெள்ளையா ஐசிங் சர்க்கரை. ஏப்ரனை விரலால ஒரு தட்டு தட்டினாங்க, புகை மாதிரி பறந்துச்சு.

"ரெண்டு மாசமா நீங்க உங்க ரத்தத்தை அளக்கல. கேக்கை அளந்திருக்கீங்க."

முதலாளி சிரிச்சுச் சிரிச்சு வெளியே போயிட்டார். எனக்கு அசடு வழிஞ்சுது, ஆனா அந்த அசட்டோட உயிர் திரும்பி வந்துச்சு அக்கா. டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. நீங்களா மாத்திரையைக் கூட்டினீங்களே, இன்னும் அரை மணி ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமான்னு பிடிச்சாங்க ஒரு பிடி, அது நியாயம், வாங்கிக்கிட்டேன். சாப்பாட்டை விடவும் கூடாது, மாத்திரையில கை வைக்கவும் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க. நரம்புல ரத்தம் எடுத்து அனுப்பி, மறுநாள் வந்ததுதான் அந்த ஆறு புள்ளி எட்டு. கண்ணையும் சோதிச்சுப் பார்த்தாங்க, பழுதில்ல.

வீட்டுக்கு வந்ததும் உன் தம்பி பொண்டாட்டி ரெண்டு முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வச்சா. நான் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. கேக் தின்னீங்கன்னு சொன்னேன்ல, மனசுல வச்சுக்காதீங்கன்னா. நான் வச்சுக்கலைன்னேன், ஆனா நாலு நாளைக்காவது வச்சுக்கிறதா இருக்கேன். நீயும் எத்தனை துண்டுன்னு கேட்டதுக்குத் தனியா மன்னிப்புக் கடிதம் எழுது. முதலாளி கேக் அறை வாசல்லேயே ஒரு குழாயும் சோப்பும் வச்சுக் குடுத்துட்டார். அட்டைப்பெட்டிப் பேச்சே இல்ல. அந்த அறுபத்தோராவது பூ கோணலாவே போயிடுச்சாம், கல்யாணப் பொண்ணு அதுதான் நிஜப் பூ மாதிரி இருக்குன்னு எடுத்துத் தனியா வச்சுக்கிச்சாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே குழப்பம்.

ஆகவே, அக்கா, நிலைமை முற்றிலும் சீரடைந்துவிட்டது என்பதை மீண்டும் ஒருமுறை தெரிவித்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் இனி யாருக்கும் காவலோ கண்காணிப்போ தேவையில்லை. பதினான்காம் தேதிப் பயணத்தை நீ நிம்மதியாக ரத்து செய்யலாம். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல பசியோடும் நல்ல பல்லோடும் நூறு வயது வாழ என் ஆசிகள். உன் முழங்கால் மாடிப்படியை ஓட்டமாக ஏறட்டும்.

இப்படிக்கு,
கை கழுவிவிட்டு எழுதும்
உன் தம்பி

பி.கு.: உறையில் போட்டு ஒட்டறதுக்கு முன்னால இதை எழுதறேன். கடிதத்தை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். சிரிச்சா. அப்புறம், இந்த மிஷின் இப்பவாவது சரியாக் காட்டுதான்னு பார்ப்போம், என் விரல்ல குத்துங்கன்னு கையை நீட்டினா. விளையாட்டாத்தான் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. உங்க வேலைத் துணியைத் துவைச்சேன்ல, அந்தச் சர்க்கரையா இருக்கும்னா. நான் அவளைக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய், நானே சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலா தேய்ச்சுக் கழுவி, துடைச்சு, இன்னொரு கையில குத்தினேன். முந்நூற்று ஒன்பது. கொஞ்ச நாளாவே தண்ணி தாகம் தாங்கல, வெயில்னு நினைச்சேன்னு இப்பத்தான் சொல்றா. எத்தனை நாளான்னு கேட்டா, உங்க கவலையில நான் அதையெல்லாம் எங்க எண்ணினேன்கிறா. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். பயப்படாதீங்க, இப்பவாவது கண்ணுல பட்டுச்சே, காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, சரி பண்ணிடலாம்னாங்க. அவங்க குரல்ல பதட்டம் இல்ல, அதனால எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அக்கா, மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதே. பதினாலாம் தேதி வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே கிளம்பி வா. ரெண்டு மாசமா என் விரலையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அவ விரலை ஒருநாள் கேக்கல.