எங்க பக்கம் கிடையாது

வாசகரே, ‘எங்க பக்கம் கிடையாது’ மனிதர் என்றோர் இனம் உண்டு. கடலூர் சிப்காட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற பூவராகன் அதில் முதல் தரம். பேரனுக்கு மூக்கு எடுப்பாக இருந்தால் அது அவர் பக்கம். அதே மூக்கு ஒழுகினால் சம்பந்தி பக்கம். வழுக்கை, சர்க்கரை, குறட்டை, கணக்கில் ஃபெயில், பந்தியில் மறுபடி பாயசம் கேட்பது எல்லாமே பெண் கொடுத்த வீட்டிலிருந்து சீரோடு சீராக வந்து இறங்கியவை. அவர் பக்கத்தில் யாருமே செத்ததில்லையா? செத்தார்கள். ஆரோக்கியமாகச் செத்தார்கள்.

புதிதாகப் பிறந்த பேரனின் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் ஒரு சந்தேகம் வந்தது: பாலில் உள்ள புரதம் அவன் உடம்புக்கு ஒத்துவரவில்லையோ? உறுதியானால் உடனே தனிப் பால் மாவு. தாமதித்தால் மூளைக்கு ஆபத்து. சிதம்பரத்தில் டாக்டர் வினோதினி, தாய் தகப்பன் ரத்தமும் வேண்டும் என்றார். மகன் எழிலன் சட்டைக் கையைச் சுருட்டினான். பூவராகன் இறக்கிவிட்டார்.

“அவனுக்கு எதுக்கு டாக்டர்? யூடியூப்ல பாத்தேன். ரத்தத்துல மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு துளியூண்டு ஒண்ணு இருக்காம். சீக்கு எந்த வூட்லேருந்து வந்துச்சுன்னு காட்டிக் குடுத்துடுமாம். மருமவ ரத்தத்த மட்டும் பாருங்க.”

“அது விலாசம் எல்லாம் சொல்லாது சார். நோய முன்கூட்டியே காட்டுமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க. இப்ப நான் பாக்கறது ஜீன். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாதான் இந்த நோய் வரும்.”

“எங்க பக்கம் கிடையாது டாக்டர்.”

“சொந்தத்துல கல்யாணமா?”

“பின்ன? அசல்ல போயி எடுப்பமா? என் கூடப்பொறந்த தங்கச்சி பொண்ணு.” இது பெருமை, ஆகவே அவர் பக்கம்.

குழந்தையை மடியில் வைத்திருந்த அந்தத் தங்கை, தனம், நிமிர்ந்தாள். “ஏண்ணே, பொண்ணு வூட்டுப் பக்கம்னு காலையிலேருந்து சொல்றியே, அது எந்த வூடு? நீ பொறந்த வயித்துலதான நானும் பொறந்தேன்?”

பூவராகன் யோசித்தார். “அப்ப மச்சான் பக்கம்.”

“அவுரு நம்ம அத்தை மவன்.”

போகப் பார்த்த வாசல் ஒவ்வொன்றும் அவர் வீட்டுக்குள்ளேயே திறந்தது. குழந்தை சிணுங்கியது. அந்த எடுப்பான மூக்கைச் சற்று நேரம் பார்த்தவர், மகனின் சட்டைக் கையைத் தாமே சுருட்டிவிட்டார். “கொஞ்சம் ஜாஸ்தியாவே எடுத்துக்குங்க டாக்டர்.”

ஊசியைக் கண்டதும் எழிலன் மயங்கிச் சாய்ந்தான்.

“அவங்க அம்மா பக்கம்,” என்றார் பூவராகன்.

நோய் உறுதியாயிற்று, பால் மாவும் சமயத்துக்கு வந்தது. பேரன் தேறி வருகிறான். தேறுவது பூவராகன் பக்கம்.

‘அட, இப்படி ஒருத்தர் நம்ம சொந்தத்திலும் உண்டே’ என்று இந்நேரம் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். சரி, அவர் எந்தப் பக்கம்?