வேர்க்கும் பொம்மை

பொம்மைக்கு வேர்த்துவிட்டதாம்! கிடங்கு வாசலில் அப்படியொரு கைதட்டல், அப்படியொரு தள்ளுமுள்ளு.

ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். வீட்டுக்கு வீடு குழந்தைகள் சுருண்டு கிடக்கையில், வெண்கலப் பொம்மையோடு வந்து இறங்கினார் சாமியார். காய்ச்சல்காரப் பிள்ளையை எதிரே நீட்டினால் பொம்மை சூட்டை உறிஞ்சிக்கொள்ளுமாம். உறிஞ்சிய களைப்பில் அதற்கு வேர்க்குமாம். பாவம், உழைத்தது பொம்மை. உட்கார்ந்து சாப்பிட்டது சாமியார்!

மளிகை முதலாளி மெய்சிலிர்த்துத் தன் புதுக் கிடங்கையே அவருக்குத் தூக்கிக் கொடுத்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரி வைக்க டாக்டரம்மா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன அதே கிடங்கு. டாக்டரம்மாவோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், பெஞ்சுக்கு இரண்டு குழந்தையாகப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார். அதில் ஒன்று முதலாளியின் பேரன்.

"அவனைத் தூக்கிட்டு வா, பொம்மைகிட்ட காட்டணும்" என்றார் மனைவியிடம்.

"இப்பதாங்க ஊசி போட்டுத் தூங்குறான்."

"எதிர்த்துப் பேசாதே!"

"சரி. ஆனா பொம்மை பொய் சொன்னா கிடங்கு டாக்டரம்மாவுக்கு. சம்மதமா?"

"பொம்மையாவது பொய் சொல்றதாவது! சம்மதம், போ!"

சாயங்காலம் போர்வைச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள் முதலாளியம்மா. சாமியார் பொம்மையைத் துண்டால் துடைத்தார். சுருளுக்கு மேலே கையை ஆட்டினார்.

"பிஞ்சு உடம்பு, என்னமா கொதிக்குது!"

கண்ணை மூடி மணியடித்தார். பொம்மையின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"இறங்கிடுச்சு! பிள்ளை பிழைச்சான்!"

"என் ராசா!" முதலாளி அழுதுகொண்டே முத்தம் கொடுக்கப் போர்வையை விலக்கினார்.

உள்ளே தலையணை.

"என்னடி இது?"

"உங்க தலையணைதாங்க. நீங்க விடுற குறட்டையில அதுக்கும் காய்ச்சல்போல. சாமிதான் குணமாக்கிட்டாரே!"

கூட்டம் விழித்தது. பிறகு குபீரென்று சிரித்தது. சாமியார் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். ஈரத்தில் கை வழுக்கியது. தரையில் விழுந்த பொம்மையின் தலை மூடிபோலக் கழன்று உருண்டது. வயிறு நிறைய ஐஸ்கட்டி!

"ஐஸ் போட்ட டம்ளருக்கும்தான் வெளியே வேர்க்குது. அதுக்கு யாராவது கும்பிடு போடுறீங்களா?" என்றாள் முதலாளியம்மா.

அன்றைக்கே கிடங்கில் கட்டில்கள் இறங்கின. 'குணமான' தலையணை பேரனுக்கு. பொம்மை ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ் போட்ட குடிதண்ணீர்ப் பானையானது.

இன்னும் அதற்கு வேர்க்கிறது. இன்னும் யாராவது செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறார்கள். அவர்களைப் பார்த்து முதலாளியே கத்துகிறார்:

"தண்ணியைக் குடிங்கய்யா! கும்பிடுறதுக்கு முன்னாடி தலையைத் திறந்து பாருங்க. பொம்மை தலையை இல்ல, உங்க தலையை!"